அஃபர்வாட் சரிவும் அகல ஸ்கீயும்: தேர்ந்த வீரருக்கு எது பொருந்தும்?

பழனி மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடுகூட 2,500 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி மீது உறைபனி வெள்ளையாகப் படியும்; வெயில் ஏறியதும் கரைந்துவிடும். சறுக்கி விளையாடும் அளவுக்கு வெண்பனி தமிழ்நாட்டில் எங்கும் விழுவதில்லை. காஷ்மீரின் குல்மார்க் புல்வெளி தொடங்குவதே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அதாவது நம் மலையின் உச்சி முடிகிற இடத்துக்கும் மேலேதான் அங்கே அடிவாரமே ஆரம்பம். ஆழ்ந்த பொடிப்பனியில் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் அகலமான ஸ்கீயை, அதாவது காலில் கட்டும் சறுக்குப் பலகையைப் பற்றி இந்தியாவில் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் குல்மார்க்கை வைத்துத்தான் பேச வேண்டும்.

இந்தக் கேள்வி தமிழருக்கு அந்நியமும் அல்ல. சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே ஸ்கீ கட்டப் பழகுகிறார்கள். ராணுவத்தில் சேர்ந்து காஷ்மீர் மலைகளில் பணியாற்றும் தென்மாவட்டத்து இளைஞர்களுக்கு வெண்பனி அன்றாடம் மிதிக்கும் தரை. இவர்களில் கைதேர்ந்தவர் ஒருவர், தயார்செய்த பாதையை விட்டு விலகி இயற்கையாகக் கிடக்கும் சரிவில் வேகமாக இறங்குகிற ஃப்ரீரைடு சறுக்கலுக்காக குல்மார்க் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் ஒரு ஜோடிதான் கொண்டுபோக முடியும். அது எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்?

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரரும் விளம்பரமும் முதலில் சொல்லும் எண் அகலம்தான். ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு, அடுத்தது எடை. அகலம் உண்மையில் அதிகம் கைகொடுப்பது மெதுவாக ஓட்டுபவருக்கு. இந்த வரிசை மாறிப்போனதால்தான் பலரும் தங்களுக்குப் பொருந்தாத ஸ்கீயை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அகலத்தை அளக்கும் முறையை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு ஸ்கீக்கு முகப்பு, இடை, வால் என்று மூன்று அகலங்கள் உண்டு. மில்லிமீட்டரில் 140-116-130 என்பதுபோல எழுதுவார்கள். பேச்சில் அகலம் என்றால் காலடியில் இருக்கும் இடை அகலம்தான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட காஷ்மீரின் ஆரிஃப் கான், ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆவது இடம் பிடித்தார். அந்தப் போட்டிக்கான ஸ்கீயின் இடை 65 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பொடிப்பனிக்கென்று விற்கப்படுவது 105-இல் தொடங்கி 125-ஐயும் தாண்டும். ஏறத்தாழ இருமடங்கு.

இனி இடத்தைப் பார்ப்போம். குல்மார்க்கில் சறுக்கு விளையாட்டு புதிதல்ல. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் 1927-இல் இந்திய ஸ்கீ கிளப்பை அங்கேதான் தொடங்கினார்கள். 1948-இல் ராணுவம் அங்கே சறுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்றைய உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியானது. ஆனால் உலகெங்கிலும் இருந்து ஃப்ரீரைடு வீரர்களை அங்கே இழுத்தது கோண்டோலா என்னும் கம்பிவழிப் பெட்டி. பிரெஞ்சு நிறுவனமான போமகால்ஸ்கி அமைத்த இதன் முதல் கட்டம் 1998-இல் குல்மார்க்கையும் கொங்தூரியையும் இணைத்தது. 2005-இல் இரண்டாம் கட்டம் திறந்தபோது, அஃபர்வாட் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே போக வழி பிறந்தது. அங்கிருந்து புல்வெளி வரை 1,300 மீட்டர் இறக்கம். பனி கீழ்வரை கிடக்கும் நாட்களில் காட்டு வழியாக பாபா ரேஷி தர்கா வரையிலும் டங்மார்க் வரையிலும் இறங்குவோர் உண்டு.

அந்த ஒரே இறக்கத்தில் எத்தனை விதமான பனி வந்துபோகிறது என்பதுதான் இங்கே முக்கியம். மேலே மரமே கிடையாது. காற்று அடித்து அடித்துப் பனியைப் பலகைபோல இறுக்கிவைத்திருக்கும். அதற்குக் கீழே விரிந்த கிண்ணம் போன்ற சரிவுகள். புயல் ஓய்ந்த மறுநாள் காலை உலகின் நல்ல பொடிப்பனிகளில் ஒன்று அங்கே கிடக்கும். இன்னும் கீழே பூர்ஜ மரங்கள், பிறகு தேவதாரு இனத்து அடர்காடு. அங்கே பனி ஈரமாகவும் கனமாகவும் மாறும். தெற்குப் பார்த்த முகங்களில் வெயில் பட்டு, இரவில் உறைந்து, மேலே ஓடு கட்டியிருக்கும். இவற்றோடு, நடுவழியில் உள்ள கொங்தூரிக்கு அருகே எல்லோரும் ஓட்டி ஓட்டி மேடும் பள்ளமுமாக உடைந்த பரப்பு.

காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகரும் குளிர்காலச் சுழற்சிகள். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அவர்கள் சில்லாய் கலான் என்பார்கள். அந்த நாட்களில் விழும் பனி உலர்ந்தது, லேசானது. பிப்ரவரி பாதிக்கு மேல் விழுவதில் ஈரம் ஏறும். விழுவதும் அன்றாடம் அல்ல. இரண்டு மூன்று நாள் கொட்டும், பிறகு நாட்கணக்கில் வெயில். ஆகவே குல்மார்க்கில் பத்து நாள் தங்குகிறவருக்கு இடுப்பளவுப் பொடிப்பனி கிடைப்பது சில காலைகளில் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் பழைய பனி, இறுகிய பனி, பிறர் தடம் பதித்த பனி. பொடிப்பனிக்கென்று எடுத்துப்போன ஸ்கீயை இவற்றில்தான் ஓட்டியாக வேண்டும்.

அகல ஸ்கீ பிறந்த கதை இந்த வாதத்துக்கு நேரடியான சான்று. 1980-களின் கடைசியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ருப்பர்ட் ஹூபர் வழக்கத்தைவிட மிக அகலமான ஒன்றை வடிவமைத்தார். அது முதலில் வேரூன்றியது கனடாவில், ஹெலிகாப்டரில் ஏற்றிப்போய் மலையுச்சியில் இறக்கிவிடும் சறுக்குத் தலங்களில். காரணம் எளிது. பணம் கட்டி வந்த விருந்தினர்களில் பலர் நடுத்தரத் திறமை உள்ளவர்கள். குறுகிய ஸ்கீயில் ஆழப்பனியில் புதைந்து, விழுந்து, களைத்துப்போனவர்கள் இதைக் கட்டியதும் மிதந்தார்கள். தேர்ந்த வீரர்களோ அதைச் சோம்பேறிகளின் கருவி என்று நெடுநாள் ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஏளனம் தவறு. என்றாலும் அகலம் யாருக்காகப் பிறந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

தேர்ந்தவர்களைத் திருப்பியவர் சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி. நீர்ச்சறுக்கு மட்டையின் வடிவம் ஏன் பனிக்கு ஆகாது என்று கேட்டவர் அவர். அலாஸ்காவில் நீர்ச்சறுக்கு மட்டைகளிலேயே, பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்கை மாட்டி இறங்கியும் காட்டினார். 2000-களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ஸ்பாச்சுலாவின் இடை 125 மில்லிமீட்டர். அதைவிட முக்கியம், அதன் இரு முனைகளும் தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்திருந்தன. வழக்கமான ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி எழும்பி நிற்கும். இதற்கு கேம்பர் என்று பெயர். ஸ்பாச்சுலாவில் நடுப்பகுதி தரையில் படிந்து, முனைகள் எழும்பி நின்றன, இதுதான் ராக்கர். பிறகு கே2 நிறுவனத்தின் பான்டூன் 130 மில்லிமீட்டரையும், டி.பி.எஸ். நிறுவனத்தின் லோட்டஸ் 138 மில்லிமீட்டரையும் எட்டின. அதற்கு மேல் போட்டி அதிகம் நீளவில்லை. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் முதன்மைப் பொடிப்பனி ஸ்கீயை 110-க்கும் 122-க்கும் இடையில்தான் வைத்திருக்கின்றன. 138-ஐ ஓட்டிப் பார்த்த தலைமுறையே திரும்பி வந்துவிட்டது. மெக்கான்கியிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்டு விடாமல் வைத்திருப்பது ராக்கரைத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். உடையும் பூட்ஸும் முதுகுப்பையும் சேர்த்து 85 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 170 செ.மீ. நீளமும் சராசரியாக 9.5 செ.மீ. அகலமும் உள்ள சாதாரண ஸ்கீ ஒன்றின் பரப்பு சுமார் 1,615 சதுர செ.மீ.; இரண்டும் சேர்ந்து 3,230. சதுர செ.மீட்டருக்கு 26 கிராம் அழுத்தம். 188 செ.மீ. நீளமும் சராசரி 13 செ.மீ. அகலமும் உள்ள பொடிப்பனி ஸ்கீயில் இரண்டின் பரப்பு சுமார் 4,890 சதுர செ.மீ. அழுத்தம் 17 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. இது பெரிய வித்தியாசம். ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரையே எடை இருக்கும் புதுப்பனியில் இந்த வித்தியாசத்தை முதல் திருப்பத்திலேயே உணரலாம். குறுகியதிலிருந்து அகலத்துக்கு மாறுவது உண்மையான மாற்றம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கடையில் நாம் எதிர்கொள்ளும் கேள்வி 70-ஆ 116-ஆ என்பதல்ல. 112-ஆ 120-ஆ என்பதுதான். அந்த 8 மில்லிமீட்டரால் ஒரு ஸ்கீயில் கூடும் பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. அதாவது ஆறு சதவீதம். அதே ஆறு சதவீதத்தை நீளத்தில் பதினோரு செ.மீ. கூட்டியும் பெறலாம். இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓடுகிற ஸ்கீ நின்றபடி மிதப்பதில்லை. பனியைக் கீழே தள்ளி அதன் எதிர்விசையில் எழும்புகிறது. அந்த எழுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் 44-க்கு வேகம் கூட்டினால் எழுவிசை 21 சதவீதம் ஏறும். எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு விலை கொடுத்து வாங்குகிற மிதப்பைப்போல மூன்று மடங்கை, தேர்ந்த வீரர் சற்று வேகமாகப் போயே அடைந்துவிடுகிறார். வேகத்துக்கு அஞ்சாதவருக்கு அகலம் கூடுதல் வசதி. அஞ்சுகிறவருக்கு அது தேவை.

வேகம் கொடுப்பதை வேகமே பறித்துக்கொள்ளவும் செய்யும். திருப்பத்தில் ஸ்கீ மீது விழும் சுமை உடல் எடையைப்போல இருமடங்கு வரை ஏறும். அந்தச் சுமையில் இளகிய ஸ்கீ வளைந்து குழையும். முகப்பு மேலே மடங்கும், வால் பிடியை விட்டு நழுவும். பொடிப்பனியில் இது தெரியாது, பனி எல்லாவற்றையும் மன்னித்துவிடும். அரை மணி நேரம் கழித்து அதே சரிவில் பத்துப் பேர் ஓட்டிய பிறகு தெரியும். ஒவ்வொரு தடத்தையும் கடக்கும்போது முகப்பு உதறும், காலுக்கு அடியில் இருப்பது தரையா காற்றா என்று புரியாது. விறைப்பான, எடையுள்ள ஸ்கீ அந்தக் கட்டிகளை உடைத்துக்கொண்டு நேராகப் போகும். பொடிப்பனி ஸ்கீ ஒன்று 1,700 கிராமிலும் கிடைக்கிறது, 2,400 கிராமிலும் கிடைக்கிறது. உள்ளே பவுலோனியா போன்ற லேசான மரம் மட்டுமா, ஆஷ், மேப்பிள் போன்ற கனமான மரக்கீற்றுகளும் சேர்ந்திருக்கின்றனவா, டைட்டனல் என்னும் அலுமினியக் கலவைத் தகடு பதித்திருக்கிறதா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை கையிலேயே இருக்கிறது. ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, முகப்பை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எங்கே வளையத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். நல்ல ஃப்ரீரைடு ஸ்கீயில் காலடியின் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரு முழத்துக்கு அசைவே இருக்காது. முகப்பை நெருங்க நெருங்கப் படிப்படியாக இளகும். முகப்புக்குச் சற்றுக் கீழே சட்டென்று ஒரே இடத்தில் ஒடிவதுபோல மடங்கினால் அதை வைத்துவிடுங்கள். அந்த இடம்தான் கரடுமுரடான பனியில் காலை வாரிவிடும். பிறகு இரண்டு ஸ்கீகளின் அடிப்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். முனைகளில் விலகி நிற்கும் நீளம் ராக்கர். நடுவில் கீற்றாகத் தெரிவது கேம்பர். ஸ்கீயின் ஓரத்தில் ஓடும் எஃகுப் பட்டியான எட்ஜை விரலால் தடவி அதன் தடிமனையும் பாருங்கள். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ராக்கர் விஷயத்தில் என் நிலைப்பாடு நடுவழி. முகப்பில் ஆழமான ராக்கர் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அகலம் இருந்தாலும் முகப்பு பனிக்குள் பாயும். வாலில் கொஞ்சம் போதும். இரு முனைகளும் சம அளவில் எழும்பிய, முழுக்க ராக்கர் கொண்ட வடிவம் மரங்களுக்கிடையே பக்கவாட்டில் வழுக்கித் திரும்ப மிக அருமையானது, 4எஃப்.ஆர்.என்.டி. நிறுவனத்தின் ரெனிகேட் இந்த வகைக்குப் பேர்போனது, அதை விரும்புகிறவர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள். ஆனால் அஃபர்வாட் மேல்முகட்டின் இறுகிய பரப்பில் அத்தகைய ஸ்கீயின் எட்ஜ் காலடியில் மட்டுமே பிடிக்கும். காலடியில் மெல்லிய கேம்பர் உள்ளது அங்கே கூடுதல் நீளத்துக்குப் பிடிக்கும். முகட்டின் ஓரமாகக் குறுக்கே நடந்து சரிவின் வாயிலுக்குப் போகும்போது, கீழே நழுவினால் நிற்க இடமில்லாத நிலையில், அந்தப் பிடிப்பின் அருமை தெரியும்.

முழங்கால் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இறுகிய பனியில் ஸ்கீயைச் சாய்த்து எட்ஜில் நிற்கும்போது, பாதத்தின் நடுக்கோட்டுக்கும் எட்ஜுக்கும் உள்ள தூரம் ஒரு நெம்புகோல். 65 மில்லிமீட்டர் இடையில் அது 32.5 மில்லிமீட்டர். 116-இல் 58. பாதத்தைத் திருகித் தட்டையாக்க முயலும் விசை அதே விகிதத்தில், ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிறது. அதைத் தடுத்து நிற்க வேண்டியவை கணுக்காலும் முழங்காலும். ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, இடை அகலம் மாறும்போது திருப்பத்தில் முழங்கால் மூட்டு இயங்கும் விதமும் மாறுகிறது என்று காட்டியது. பொடிப்பனியில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே அடிப்பரப்பு முழுவதும் தாங்குகிறது. கொங்தூரிக்குக் கீழே, மாலையில் உறைந்துபோன பாதையில், களைத்த காலோடு இறங்கும்போதுதான் இது உறைக்கும். மேலே 3,950 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. ஆல்ப்ஸில் நாள் முழுக்க ஓட்டுகிற கால் இங்கே மதியத்திலேயே தளரும். ஏற்கெனவே முழங்காலில் அடிபட்டவர் 110-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பேன்.

பைண்டிங் பொருத்தும் இடத்தையும் பலர் கவனிப்பதில்லை. ஸ்கீயின் நடுவிலிருந்து எத்தனை செ.மீ. பின்னால் பூட்ஸின் மையம் வர வேண்டும் என்பதை நிறுவனமே கோடிட்டுக் கொடுக்கும். குதித்துச் சுழலும் பாணிக்கு நடுவை ஒட்டி, மூன்று நான்கு செ.மீ. பின்னால் வைப்பார்கள். கணைக்காலின் முன்பக்கத்தால் பூட்ஸை அழுத்தி முன்னோக்கி ஓட்டும் பழைய பாணிக்காரருக்கு எட்டு முதல் பத்து செ.மீ. பின்னால் இருந்தால்தான் முன்னால் போதிய நீளம் கிடைக்கும். போட்டிப் பயிற்சி வழியாக வந்த காஷ்மீர் வீரர்களும் ராணுவ வீரர்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. திரைப்படத்தில் பார்த்த வீரரின் ஸ்கீயை வாங்கி, முகப்பு போதவில்லை என்று குறைசொல்பவர்கள் பலரும் இந்த ஒரு காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள்.

குல்மார்க்கில் இன்னொன்றும் உண்டு. பெரும்பனி விழுந்த மறுநாள் இரண்டாம் கட்டக் கோண்டோலா பல நேரம் உடனே திறக்காது. பனிச்சரிவு அபாயத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முடிய வேண்டும், காற்றும் அடங்க வேண்டும். அப்போது ஸ்கீயின் அடியில் தோல்பட்டை ஒட்டி நடந்து ஏறுகிறவர்களுக்குத்தான் புதுப்பனி. குதிகாலை விடுவித்து நடக்கவும், பூட்டிவிட்டு வேகமாக இறங்கவும் ஒரே பைண்டிங்கில் முடிகிற வகை 2018-இல் ஷிஃப்ட் என்னும் மாதிரி வந்த பிறகு பரவலாகிவிட்டது. ஏறுகிறவருக்கு ஒவ்வொரு காலிலும் 300 கிராம் குறைவது பெரிய விஷயம். இங்கே விறைப்பும் எடையும் மோதுகின்றன. நாளில் ஒருமுறை ஏறிப் பலமுறை இறங்குகிறவர் எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏறுவதே வேலையாக வைத்திருப்பவர் வேறு ஸ்கீ வாங்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இறங்கும்போது ஏமாற்றும்.

என் கருத்துக்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. மிக உயரத்திலிருந்து பாறை தாண்டிக் குதிக்கிறவருக்கு, தரையிறங்கும் கணத்தில் அகலம் காப்பாற்றுகிறது. நூறு கிலோவைத் தாண்டிய உடம்புக்காரருக்கு என் கணக்கே மாறும். அடர்ந்த காட்டில் வேகம் எடுக்க முடியாது; அங்கே தேர்ந்தவரும் மெதுவாகத்தான் போயாக வேண்டும், ஆகவே அகலமும் ராக்கரும் அவருக்கும் உதவும். பாபா ரேஷிப் பக்கத்துக் காட்டையே குறிவைத்துப் போகிறவர் 118, 120 என்று எடுப்பதில் தவறில்லை. அட்டாமிக்கின் பென்ட் வரிசையில் 110-உம் 120-உம் அருகருகே விற்கப்படுவதற்குக் காரணம் இந்த இரண்டு வகைத் தேவைகளும் உண்மையானவை என்பதுதான்.

பிறகு எப்படித்தான் சோதிப்பது? நடப்பிலுள்ள சோதனை முறையைப் பற்றி எனக்கு ஆழ்ந்த குறை உண்டு. விமர்சகர்கள் ஒரு தலத்தில் பல ஸ்கீகளை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றையும் ஓரிரு முறை ஓட்டி, மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். காலையில் ஓட்டியது புதுப்பனியில், மதியம் ஓட்டியது உடைந்த பனியில். முதலாவதற்கு அதிக மதிப்பெண், இரண்டாவதற்குக் குறைவு. மதிப்பெண் வாங்கியது நேரம்தான். ஓட்டியவரின் எடையும் நீளத்தேர்வும் பல சமயம் எழுதப்படுவதே இல்லை. 65 கிலோ உள்ளவருக்கு மரக்கட்டைபோல இருக்கும் ஸ்கீ 95 கிலோக்காரருக்கு இதமாக இருக்கும்.

இரண்டு ஸ்கீகளை ஒப்பிட வேண்டுமானால், அதே பூட்ஸோடு, அதே வழியில், அடுத்தடுத்து இறங்க வேண்டும். பொடிப்பனி கிடக்கும் காலையில் ஒப்பிடாமல், அது உடைந்துபோன பிற்பகலில் ஒப்பிட வேண்டும். நல்ல பனியில் எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீ. முதலில் ஒரு நீண்ட திருப்பத்தை வேகம் குறைக்காமல் தடங்களின் குறுக்கே போட்டுப் பாருங்கள், முகப்பு உதறுகிறதா? அடுத்து இறுகிய பரப்பில் பக்கவாட்டாக வழுக்கி, திடீரென்று எட்ஜை ஊன்றுங்கள். பிடிக்கிறதா, சறுக்கிப் பிறகு பிடிக்கிறதா? மூன்றாவதாக, கால் களைத்த பிறகு ஒருமுறை. களைத்த காலில் அடங்காத ஸ்கீ, காலையில் எவ்வளவு இனித்தாலும் உங்களுக்கானதல்ல.

எட்ஜைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடெங்கும் வெளியாயின. 2025-இல் பனி போதாமல் குல்மார்க்கின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. பனி மெலிந்த பருவத்தில் பாறை தலைகாட்டும். மெல்லிய எட்ஜும் மெல்லிய அடிப்பரப்பும் கொண்ட லேசான ஸ்கீ ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். எடையில் நூறு கிராம் கூடினாலும் தடித்த எட்ஜ் உள்ளதைத்தான் இமயமலைக்கு எடுக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் ஆல்ப்ஸையும் ஜப்பானையும் மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். குல்மார்க்கின் கல் அவர்கள் கணக்கில் இல்லை.

மிதக்கும் ஸ்கீ ஒருவரை முன்பு போக முடியாத சரிவுகளுக்கும், அங்குள்ள பனிச்சரிவு ஆபத்துக்கும் கொண்டுபோகிறது. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-இல் அஃபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் சரிவுகளை விட்டு வெளியே போகிறவரிடம் சமிக்ஞைக் கருவியும் மண்வாரியும் துழாவுகோலும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணை இருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இருக்க வேண்டும். ஸ்கீக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான்.

இனித் தீர்ப்பு. 75 முதல் 95 கிலோ எடையுள்ள, வேகத்துக்குப் பழகிய, முன்னோக்கி அழுத்தி ஓட்டும் வீரர் குல்மார்க்குக்கு ஒரே ஜோடி கொண்டுபோவதானால்: இடை 110 முதல் 116 மில்லிமீட்டர், நீளம் 184 முதல் 191 செ.மீ.; காலடியில் குழையாத விறைப்பு; எடை ஒன்றுக்கு 2,000 கிராமுக்குக் குறையாமல்; முகப்பில் ஆழமான ராக்கர், காலடியில் கேம்பர், வாலில் சிறிதளவு எழுச்சி; பைண்டிங் நடுவிலிருந்து எட்டு செ.மீ. அளவில் பின்னால், தடித்த எட்ஜ். 120-ஐத் தாண்டியது இரண்டாவது ஜோடியாக இருந்தால் சரி, முதல் ஜோடியாக வேண்டாம். இன்னும் வேகம் எடுக்கத் தயங்குகிறவர் வெட்கப்படாமல் அகலமான, இளகிய ஒன்றை எடுக்கட்டும். அவருக்காகத்தான் அது முதலில் செய்யப்பட்டது. எதுவானாலும், வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, பனி கெட்டுப்போன பிற்பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.